அவர் சொல்லாத பதில்

எனக்கு வங்காளி பேச வரும் என்பது எங்கள் அலுவலகத்தில் ஒரு வேடிக்கைச் செய்தியாக மட்டுமே இருந்தது. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. நான் பிறந்ததும் பத்தாவது வரை படித்ததும் கரக்பூரில். அப்பா ஓய்வு பெற்றதும் கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்குக் குடிவந்தோம். எனக்குக் கல்யாணமாகிச் சிதம்பரம் போனேன். வேலை கடலூரில், ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கடலூரில் இறங்குவேன், சாயங்காலம் அதே சாலையில் திரும்புவேன். வங்காளி பேசுவதற்கு அந்தச் சாலையில் ஒரு ஆள் கிடையாது.

சுனாமி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தபோது ஒருநாள் அதிகாரி கூப்பிட்டார்.

"ஏம்மா, உனக்கு பெங்காலி வரும்னாங்களே? கல்கத்தாவுலேர்ந்து ஒரு டைரக்டர் வந்திருக்காரு. குப்பத்துப் பக்கம் போயி டாக்குமெண்டரி எடுக்கணுமாம். பெரிய எடத்து லெட்டர்லாம் வச்சிருக்காரு. ஒரு பத்து நாளு கூடப் போயிட்டு வா."

"ஆர்டர் போட்டுக் குடுப்பீங்களா சார்?"

"அதெல்லாம் எதுக்கு? நான்தான் சொல்றேன்ல."

அந்த ஒரு தாளைக் கேட்டு வாங்காமல் போனதற்காக நான் பின்னால் எத்தனையோ முறை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். அன்று சந்தோஷமாகத்தான் கிளம்பினேன். பத்து நாள் பஸ் கிடையாது, ஃபைல் கிடையாது. சின்ன வயதில் பேசிய பாஷையை மறுபடி பேசப் போகிறேன்.

டைரக்டர் சிதம்பரம் கீழவீதிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். உயரமான, கனத்த மனிதர். எழுபதை நெருங்கும் வயது. அரைக்கைச் சட்டை, கேன்வாஸ் ஷூ. இரண்டு முட்டியும் போய்விட்டிருந்தன. நான் பேசியதைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"இது ரயில்வே காலனி வங்காளி. பரவாயில்லை அம்மா, என் முதல் படத்தில் எல்லோரும் இப்படித்தான் பேசினார்கள்."

எங்கள் பக்கத்தில் மகள் வயதுப் பெண்ணை அம்மா என்பது போலவே அவர்களும் 'மா' என்பார்கள். நான் அவரை அவர்கள் வழக்கப்படி 'தாதா' என்று அழைத்தேன். அண்ணன் என்று அர்த்தம். வேன் டிரைவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இவுரா தாதா? ஒரு அடி வச்சாவே முட்டியப் புடிச்சிக்கிறாரு" என்றான்.

தினமும் வேனில் போகும்போது அவர் தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். இருபத்தைந்து வயதில் சணல் ஆலை வாசல்களில் நாடகம் போட்டார். ஆலை மூடப்பட்டபோது அதையே முதல் படமாக எடுத்தார். பதினோரு நிமிஷத்தை வெட்டச் சொன்னார்கள். மறுத்தார். படம் பெட்டிக்குள் போனது, அவர் ஜெயிலுக்குப் போனார். சில வருஷம் கழித்து அவர் நம்பிய கட்சி ஆட்சிக்கு வந்தது. படம் வெளியே வந்தது, பரிசு வந்தது. அடுத்தடுத்த படங்களுக்கு அரசாங்கமே உதவியது.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் நான் எடுத்த படங்களில் எல்லாக் கெட்டவர்களும் பழைய காலத்து ஜமீன்தார்கள். கவனித்துப் பார்த்தால் தெரியும். முப்பது வருஷமாக என் ஊரில் ஜமீன்தாரே கிடையாது."

கடைசியாகப் படம் எடுத்து ஏழு வருஷம் ஆகிறது என்றார். ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"நிவாரணம் யாருக்குப் போகிறது, யாருக்குப் போவதில்லை என்று ஒரு படம் எடுக்க ஆசை. என் ஊரில் லிஸ்ட் போடுகிறவர்கள் எல்லோரும் என் நண்பர்கள். அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். இங்கே யாரையும் எனக்குத் தெரியாது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இங்கே லிஸ்ட் போடும் மேஜையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். குப்பங்களிலிருந்து ஊர்ப் பஞ்சாயத்து எழுதிக் கொடுக்கும் பெயர்களை டைப் செய்து மேலே அனுப்புவது என் வேலை. அதை அவரிடம் சொல்லவில்லை.

பத்தாவது நாள் கடற்கரையோரம் ஒரு குப்பத்தில் அந்த அக்காவைச் சந்தித்தோம். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. இரண்டு பெண் பிள்ளைகளோடு தார் ஷீட் போட்ட தற்காலிகக் கொட்டகையில் இருந்தாள். உள்ளே குனிந்துதான் போக வேண்டும். ஆகஸ்ட் வெயிலில் கூரை தொட முடியாமல் கொதித்தது. கட்டித் தரப்போகும் புது வீட்டுக்கு அவள் பெயர் இல்லை, கொழுந்தன் பெயர் இருந்தது. ஆம்பளை இல்லாத வீட்டுக்குத் தனி வீடு எதற்கு என்று பஞ்சாயத்தார் சொல்லிவிட்டார்களாம். அந்தக் கொழுந்தன் பெயரை டைப் செய்தது எனக்கு ஞாபகம் இருந்தது. தகப்பனார் பெயரில் ஒரு எழுத்து தப்பாகி, வெள்ளை பூசித் திருத்தியிருந்தேன்.

கேமரா தயாரானது. அவள் பேசுவதற்கு முன் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இது இங்க ஓடுமா? எங்காளுங்க பாப்பாங்களா?"

அவரிடம் கேட்டேன். அவர் யோசிக்காமல் சொன்னார்: "ஒரு படம் எங்கே போகும் என்று எடுத்தவனுக்கே தெரியாது. பயமாக இருந்தால் பேச வேண்டாம் என்று சொல்லு."

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. கேமராமேன் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் உண்மை அது இல்லை. அந்த லிஸ்ட் தப்பு என்று யாராவது சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதைச் சொல்கிற ஆள் நானாக இருக்கக் கூடாது என்றும் இருந்தது.

"இல்லக்கா. இங்கல்லாம் வராது. டெல்லி, கல்கத்தா பக்கந்தான்" என்றேன்.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்த்தாள்.

"எங்கூட்டுக்காரரக் கடலு எடுத்துக்கிச்சி. அது கடலு, அதப் போயி ஒண்ணும் கேக்க முடியாது. எங்கூட்ட எடுத்தது கடலு இல்ல. யாருன்னு கேட்டா பேரு சொல்றேன்."

சொன்னாள். மூன்று பேரின் பெயரை, அப்பா பெயரோடு சொன்னாள். ஆறு நிமிஷம் நிறுத்தாமல் பேசினாள். கேமராவை நிறுத்தியதும் அவர் எழுந்து, முட்டி வலியோடு அவள் முன்னால் போய்க் கைகூப்பினார்.

அடுத்த வருஷக் கடைசியில் ஒரு தொண்டு நிறுவனத்து ஆட்கள், நல்லது செய்வதாக நினைத்து, அந்தப் படத்தின் சிடியைக் கொண்டுவந்து அதே குப்பத்தில் வேட்டித் திரை கட்டிப் போட்டுக் காட்டினார்கள்.

நான் அங்கே இல்லை. ஒரு வாரம் கழித்து அவள் எங்கள் அலுவலக வராந்தாவில் வந்து நின்றபோதுதான் தெரியும். அவளை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று அவசரமாகச் சைக்கிள் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனேன். முதலில் அதைத்தான் செய்தேன்.

"நீதான சொன்ன, இங்க ஓடாதுன்னு?"

அலுவலக ஜன்னலிலிருந்து யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"ஊர வுட்டுத் தள்ளி வச்சிட்டாங்க. ஏலத்துல எனக்கு மீனு வுட மாட்டன்றாங்க. எம்பொண்ணுங்ககூட யாரும் பேசறதில்ல. கொழாயில கொடத்த வச்சா எடுத்துத் தள்ளி வைக்கறாங்க. அந்த ஐயாகிட்டச் சொல்லி அத எடுக்கச் சொல்லு. எடுத்துட்டாங்கன்னு நான் போயி ஊருல கால்ல வுழறேன்."

அதற்குள் எங்கள் அலுவலகத்துக்கும் புகார் வந்துவிட்டது. படக்காரர்களை அழைத்துப் போனது யார், எந்த உத்தரவின் பேரில் என்று எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. என்னை அனுப்பிய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். ஃபோன் செய்தால், "நான் எப்ப உன்ன அனுப்பினேன்?" என்றார். கண்காணிப்பாளர்தான் வழி சொன்னார்.

"அந்தப் பத்து நாளும் மெடிக்கல் லீவுன்னு போட்டுடு. படம் எடுத்ததுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. ரெஜிஸ்டர நான் பாத்துக்கறேன்."

வீட்டில் கணவர் ஒரே வார்த்தையில் முடித்தார். "எழுதிக் குடு. வேல போச்சுன்னா இன்னா பண்ணுவ?"

எழுதிக் கொடுத்தேன். அந்தக் கையெழுத்தோடு நான் அந்தக் குப்பத்துக்குப் போனதே இல்லை என்றாகிவிட்டது. இனி அவளுக்காக எந்த அதிகாரி முன்னாலும் நின்று, இவள் சொன்னது நிஜம், லிஸ்ட்டை டைப் செய்தவள் நான் என்று சொல்ல முடியாது. ஒரு பக்கத் தாளில் நானே கதவைச் சாத்திக்கொண்டேன்.

கல்கத்தாவுக்கு எஸ்டிடி பூத்திலிருந்து பேசினேன். நடந்ததைச் சொல்லி, அவள் பேசும் பகுதியை எடுத்துவிடும்படி கேட்டேன்.

"அம்மா, நான் பதினோரு நிமிஷத்துக்காக ஜெயிலுக்குப் போனவன். இப்போது இதை வெட்டினால் யாருக்கு லாபம்? அந்த மூன்று பேருக்குத்தான். அவளும் தெரிந்துதானே பேசினாள்? எங்கே போகும் என்று தெரியாது, பயமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லச் சொன்னேனே."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே அடுத்த ஆள் காத்துக்கொண்டிருந்தார்.

"சொன்னேன் தாதா" என்றேன்.

அந்த அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போய்விட்டாள். கீரப்பாளையம் பக்கம் தூரத்துச் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை. கடலையே பார்த்து வளர்ந்தவள் நாலு பக்கமும் நெல் வயல் சூழ்ந்த ஊரில் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராகச் சேர்ந்தாள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் எப்போதாவது கண்ணில் படுவாள். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அதற்கடுத்த வருஷம் அவருடைய மாநிலத்தில் நிலம் எடுப்பதை எதிர்த்த விவசாயிகள் மீது போலீஸ் சுட்டது. செய்தி பார்த்த எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. சில வாரம் கழித்து அவரே ஃபோன் செய்தார். மதிய சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறந்தபடி கேட்டேன்.

"மூன்று வாரமாக நான் வாயைத் திறக்கவில்லை அம்மா. எல்லோரும் கேட்கிறார்கள். பேசினால் ஐம்பது வருஷ நண்பர்கள் போவார்கள். பேசாவிட்டால் நான் எடுத்த அத்தனை படமும் பொய்."

சில நாளில் வெளிப்படையாகவே பேசினார். ஊர்வலத்தில் நடந்தாராம், அந்த முட்டியை வைத்துக்கொண்டு. உடனே ஒவ்வொன்றாக மூடிக்கொண்டது. அவர் படம் போட வேண்டிய அரங்கு ரிப்பேர் என்றார்கள். பழைய நண்பர்கள் ஃபோனை எடுக்கவில்லை. தெருவில் காலை நடை போனால் எதிரே வருபவர்கள் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனார்கள். இதைச் சொல்ல மறுபடி ஃபோன் செய்தார்.

"இதற்கு எங்கள் பாஷையில் 'ஏக்கோரே' என்று சொல்வோம். தெரியுமா உனக்கு?"

தெரியும். கரக்பூரில் கேட்டிருக்கிறேன். ஒற்றை வீடாக்குவது. ஊர் விலக்கம்.

"அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்?" என்று அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்.

பிறகு எதிர்த்தரப்பு அவரைத் தேடி வந்தது. மேடை, மாலை, முன்வரிசை நாற்காலி. எழுபது வயதுக்கு மேல் தனியாக இருக்க அவரால் முடியவில்லை, போனார். சில வருஷத்தில் அவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். அவரை ஏதோ ஒரு கலைக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். ஒரு படமும் எடுத்தார். இதையெல்லாம் பண்டிகைக்குப் பண்டிகை ஃபோனில் சொல்வார். குரலில் உற்சாகம் இருக்காது.

2012ல் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் சேர்ந்து சிதம்பரத்தில் அவர் படங்களைத் திரையிட ஏற்பாடு செய்தார்கள். கடலூர்ப் படமும் உண்டு, நானும் வருகிறேன் என்று அவரே ஃபோனில் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் அந்த அக்காவைப் பார்த்தபோது துணிந்து பக்கத்தில் போய்ச் செய்தியைச் சொன்னேன். ஆறு வருஷத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எத்தினி மணிக்கு? நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தாள். மூத்த மகள் நர்சிங் படிக்கிறாள், அவளையும் அழைத்து வந்திருந்தாள். பின்வரிசையில் மூவரும் உட்கார்ந்தோம். படம் ஓடியது. கொட்டகைகள் வந்தன, கடல் வந்தது, அவள் இருந்த குப்பத்தின் மணல் வந்தது. அவள் மகளின் கையைப் பிடித்தாள். அடுத்த காட்சி வேறு ஊர். இன்னும் கொஞ்ச நேரத்தில் படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள்.

"எங்க நானு?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்கும் புரியவில்லை. கூட்டம் கலைந்ததும் அவரிடம் அழைத்துப் போனேன். அவளை அடையாளம் தெரிந்து எழுந்திருக்க முயன்றார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"சொல்லு அம்மா அவளிடம். எடுத்துவிட்டேன். என்னிடம் இருக்கிற எல்லாப் பிரதியிலும் எடுத்துவிட்டேன். ஒற்றை வீடாக இருப்பது என்னவென்று எனக்குத் தெரிந்த பிறகு அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இனி அவளுக்குத் தொந்தரவு இல்லை."

சொன்னேன். அவள் பேசியபோது குரல் உயரவில்லை.

"எடுங்க எடுங்கன்னு கெஞ்சினப்ப எடுக்கல. இப்ப யாரு கேட்டா? படவேண்டியதெல்லாம் பட்டாச்சி. அந்த ஒரு பேச்சுக்காவத்தான பட்டேன்? அதையும் எடுத்துட்டா, நான் எதுக்காவ ஊர வுட்டு வந்தேன்னு எம்பொண்ணுங்களுக்கு எதக் காட்டுவேன்?"

அதை அப்படியே வங்காளியில் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் விடவில்லை.

"இன்னொண்ணும் கேளு. இங்க ஓடாதுன்னு எதுக்குப் பொய் சொன்னாரு?"

ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் அவர். நடுவில் நான். அவளுக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு அவள் பாஷை தெரியாது. அவர் வருந்துகிறார் என்று ஒரு வரி சொன்னால் இருவருமே நம்பிவிடுவார்கள். அந்த வரி நாக்கு வரை வந்துவிட்டது. அவள் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதை அப்படியே அவரிடம் கேட்டேன்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றார், குழப்பத்தோடு.

"இன்னா சொல்றாரு?" என்றாள் அவள்.

"அவுரு அப்பிடிச் சொல்லலக்கா. எங்க போவும்னு தெரியாது, பயமா இருந்தா பேச வேணாம்னுதான் சொன்னாரு. ஓடாதுன்னு நான்தான் சொன்னேன். அந்த லிஸ்ட்ட டைப் பண்ணதும் நான்தான்."

பிறகு அதையே அவருக்கு வங்காளியில் சொன்னேன். ஒரே குற்றத்தை இரண்டு பாஷையில், இரண்டு முறை. இரண்டாவது முறை சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை.

அவள் என்னை அடிப்பாள் என்றுகூட எதிர்பார்த்தேன். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அத மறுபடியும் சேக்கச் சொல்லு. இந்த ஒண்ண மட்டும் மாத்தாம சொல்லு."

மாற்றாமல் சொன்னேன். அவர் தலையசைத்தார். அவளும் மகளும் போய்விட்டார்கள்.

லாட்ஜில் அவரை விடப் போனபோது கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"புதுப் படத்தில் நாலு நிமிஷத்தை வெட்டச் சொன்னார்கள்" என்றார். "ஆஸ்பத்திரிக் காட்சி. புது ஆட்சிக்குக் கெட்ட பெயர் வருமாம். வெட்டிக் கொடுத்தேன். அம்மா, முதல் தடவைதான் கஷ்டம். அப்புறம் கை பழகிவிடுகிறது. உன் அக்காவின் காட்சியை வெட்டியபோது நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன்."

"குழுவை விட்டு வந்துவிடுங்களேன்."

"வந்து எங்கே போக? அந்தப் பக்கம் ஏற்கெனவே மூடிவிட்டது."

இரண்டு மாதத்தில் கூரியரில் ஒரு டிவிடி வந்தது. ஆறு நிமிஷமும் அதன் இடத்தில் இருந்தது. கூடவே ஒரு சின்னக் கடிதம்: இதைச் சேர்க்க எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை, அந்த நாலு நிமிஷத்தைச் சேர்க்க அனுமதி வேண்டும், அது என்னால் முடியாது. குழுவை விட்டு அவர் விலகவில்லை.

டிவிடியைக் கீரப்பாளையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அந்த வாரமே அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்தப் பத்து நாளும் நான் லீவில் இல்லை, வாய்மொழி உத்தரவின் பேரில் படக்குழுவோடு போனேன், முன்பு எழுதிக்கொடுத்தது பொய், அந்தக் குப்பத்தின் பட்டியலை மறுபடி பார்க்க வேண்டும் என்று. கணவரிடம் சொல்லவில்லை. புது அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டுத் தாளை என் பக்கமே தள்ளினார்.

"அந்த ஃபைல க்ளோஸ் பண்ணி எத்தினி வருசம் ஆச்சு? வீடு கட்டி ஆளு குடியேறியாச்சு. இத நான் வாங்கினா நீயும் மாட்டுவ, நாலு பேர மாட்டி வுடுவ. எடுத்துக்கினு போம்மா."

மறுநாள் அதையே பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான அட்டை வந்தது. பதில் வரவில்லை. கொழுந்தன் அந்த வீட்டில்தான் இருக்கிறான். என்னை யாரும் எதுவும் கேட்கவுமில்லை. தினமும் அதே மேஜைக்குப் போய் உட்காருகிறேன்.

பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தபோது தபாலைப் பற்றிச் சொன்னேன்.

"அனுப்பிட்டியா?" என்றாள். "சரி."

அவள் பஸ் வந்தது. ஏறிப் போனாள்.